மொட்டை மாடி சோலார், அரசு மானியம்: வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டு மாடியில் 2 கிலோவாட் சோலார் ஏறியதிலிருந்து தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். சொந்தக்காரர்கள் போன் செய்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை இங்கே பதிலோடு எழுதி வைத்திருக்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு மின் இணைப்பை மனதில் வைத்து எழுதியவை.

பிரதமரின் சூர்யகர் திட்டம் என்றால் என்ன?

வீட்டு மாடியில் சோலார் போடுகிறவர்களுக்கு மத்திய அரசு மானியம் தரும் திட்டம். 2024 பிப்ரவரி 13 அன்று தொடங்கியது. 2026-27 நிதியாண்டுக்குள் ஒரு கோடி வீடுகளில் பேனல் ஏற்ற வேண்டும் என்பது இலக்கு. அதற்கு ஒதுக்கியது 75,021 கோடி ரூபாய்.

இதற்கு முன்பும் திட்டங்கள் இருந்தன. 2010-ல் தேசிய சூரிய ஆற்றல் இயக்கம் வந்தது. 2015-ல் அதன் இலக்கை ஒரு லட்சம் மெகாவாட்டாக உயர்த்தி, 2022-க்குள் அதில் 40,000 மெகாவாட் கட்டடங்களின் மாடியிலிருந்தே வர வேண்டும் என்றார்கள். 2022 முடிந்தபோது மாடி சோலார் அதில் கால் பங்கைக்கூட எட்டவில்லை. பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கான ஏக்கரில் போட்டுவிட்டன. நம் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-லேயே 648 மெகாவாட் வந்துவிட்டது. வீடுகள்தான் பின்தங்கின. மானியத்துக்கு விண்ணப்பித்த சாதாரண ஆள் அலைய வேண்டியிருந்ததே அதற்குப் பெரிய காரணம் என்பது என் எண்ணம். சூர்யகர் அந்த அலைச்சலை ஓரளவு குறைத்திருக்கிறது.

மானியம் எவ்வளவு?

முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. ஆக 1 கிலோவாட் போட்டால் 30,000, 2 போட்டால் 60,000, 3 போட்டால் 78,000. அதற்கு மேல் 5 போட்டாலும் 10 போட்டாலும் 78,000-தான். பேட்டரிக்கு மானியம் கிடையாது.

மாதம் 300 யூனிட் இலவசம் என்கிறார்களே, அரசாங்கம் சும்மா கரண்ட் தருமா?

தராது. நம் பேனலில் விளைகிற கரண்டைத்தான் இலவசம் என்கிறார்கள். 3 கிலோவாட் பேனல் நம் ஊர் வெயிலில் மாதம் 300 யூனிட்டுக்குக் குறையாமல் தரும். அந்த அளவுக்கு நம் பில் குறையும், அவ்வளவுதான். "இலவச சோலார், பதிவுக்கு மட்டும் 2,000 ரூபாய்" என்று வாட்ஸ்ஆப்பில் செய்தி வந்தால் பணம் அனுப்பிவிடாதீர்கள். வலைத்தளத்தில் பதிவு செய்ய நயா பைசா வேண்டாம்.

எங்கள் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் போடலாம்?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இது. பெரும்பாலானவர்கள் இதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். 3 கிலோவாட் போட்டால் முழு மானியம் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு 3 என்று முடிவு செய்துவிடுகிறார்கள். வேண்டாம். முதலில் கடந்த ஒரு வருடத்தின் ஆறு கரண்ட் பில்களையும் எடுத்து மேசையில் வையுங்கள்.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலை முதல் வீடுகள் கட்டும் கட்டணப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய், 101-லிருந்தே 4.70 ஆகிவிடும். அதற்கு மேல் 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, 801 முதல் 1000 வரை 10.50, ஆயிரத்துக்கு மேல் 11.55. சரியாக 500 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு 1,805 ரூபாய். 501 ஓட்டிய வீட்டுக்கு 2,048. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்!

இப்போது சோலாரை இதில் பொருத்திப் பாருங்கள். 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட், இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஓடும் வீடு, அதாவது இரண்டு ஏசி, பிரிட்ஜ், மோட்டார் உள்ள வீடு, இன்று கட்டுவது 4,770 ரூபாய். 1 கிலோவாட் போட்டால் 560 யூனிட்டுக்கு 2,544. மிச்சம் 2,226. இரண்டாவது கிலோவாட்டும் போட்டால் 320 யூனிட்டுக்கு 799. இன்னொரு 1,745 மிச்சம். மூன்றாவதும் போட்டால் 80 யூனிட், பில் பூஜ்யம். ஆனால் அந்த மூன்றாவது கிலோவாட் மிச்சம் பிடித்துத் தந்தது வெறும் 799 ரூபாய். அதற்கு மானியமும் குறைவு. முதலாவது கிலோவாட் போட்ட பணத்தை வேகமாக மீட்கிறது, மூன்றாவது நொண்டுகிறது. சோலார் முதலில் தின்பது மேல் படியில் இருக்கும் விலை உயர்ந்த யூனிட்டுகளை. கீழே இறங்க இறங்க மலிவான யூனிட்டுகளைத்தான் தின்கிறது. நாங்கள் 2 கிலோவாட்டோடு நிறுத்தியதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

சோலார் போட்டவர்கள் வாரியத்தின் லைனைப் பயன்படுத்துவதற்காகக் கட்டும் நெட்வொர்க் கட்டணத்தை இதில் நான் சேர்க்கவில்லை. உங்கள் இணைப்புக்கு அது எவ்வளவு என்று இ.பி. ஆபீஸில் கேட்டுக் கழித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு 180 யூனிட்தான் ஓடுகிறது. போடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். இரண்டு மாதத்துக்கு நீங்கள் கட்டுவது 188 ரூபாய். அதை மிச்சம் பிடிக்க முப்பது நாற்பதாயிரம் போட்டால் முதல் திரும்ப வெகுகாலம் ஆகும். யார் வந்து எப்படிப் பேசினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். 400 யூனிட் ஓடும் வீட்டில் 1 கிலோவாட் போட்டால் 1,175 ரூபாய் பில் 141-க்கு வரும். வருடத்துக்கு ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் மேல் மிச்சம். மானியம் போகக் கையிலிருந்து போடுவது ஐந்தாறு வருடத்தில் திரும்பும். மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போகிறீர்கள், கேஸ் அடுப்புக்குப் பதில் இண்டக்‌ஷனுக்கு மாறப் போகிறீர்கள் என்றால் கணக்கு இன்னும் சாதகமாகும்.

ஏன் மற்ற மாநிலங்களில் வேகமாகப் போகிறது, நம்மிடம் மெதுவாக?

குஜராத் முதலிடத்தில். பக்கத்துக் கேரளாவும் நம்மை முந்திப் போகிறது. நமக்கு வெயில் குறைவா என்ன? முதல் 100 யூனிட் இலவசமும் 200 வரையான சலுகையும் நடுத்தரத்துக்குக் கீழ் உள்ள வீடுகளின் பில்லை ஏற்கனவே சிறிதாக்கிவிட்டன. ஏழை வீட்டுக்கு அது பெரிய உதவி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீடுகளுக்கு சோலார் போடுவதால் கையில் நிற்கும் லாபம் எதுவும் இல்லை. ஆக இங்கே இந்தத் திட்டம் போய்ச் சேர வேண்டியது 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கு. அங்கேதான் பணமும் மிச்சம், கோடைக்காலத்தில் வாரியம் அதிக விலைக்கு வாங்கும் மின்சாரமும் குறையும். விளம்பரம் மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி போகிறது.

யார் விண்ணப்பிக்கலாம்? வாடகை வீட்டில் இருக்கிறோம்.

சொந்த வீடும், பேனல் வைக்கத் தகுந்த மாடியும், வீட்டு மின் இணைப்பும் இருக்க வேண்டும். முன்பு சோலாருக்கு மானியம் வாங்கியிருக்கக் கூடாது. வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் பேசித்தான் ஆக வேண்டும். கணக்கைக் காட்டினால் சிலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் என்ன செய்வது?

சங்கத்தின் பெயரில் பொதுப் பயன்பாட்டுக்குப் போடலாம். லிப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு, வண்டி சார்ஜ் செய்யும் இடம் எல்லாம் இதில் வரும். கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம். ஒரு வீட்டுக்கு 3 கிலோவாட் வீதம் கணக்கிட்டு 500 கிலோவாட் வரை போகலாம். பொதுச் சேவை இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் எல்லாம் கிடையாது, முதல் யூனிட்டிலிருந்தே காசு. அதனால் இங்கே லாபம் நன்றாகவே தெரியும். சிக்கல் மாடி யாருடையது என்பதில்தான். மேல் தளத்துக்காரர் தனக்கென்று நினைத்துக்கொண்டிருப்பார். பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, பத்திரத்தில் மொட்டை மாடி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகு ஆளைக் கூப்பிடுங்கள்.

விண்ணப்பிப்பது எப்படி?

சூர்யகர் தேசிய வலைத்தளத்தில் மாநிலம், மின்வாரியம், சர்வீஸ் நம்பர், கைபேசி எண் கொடுத்துப் பதிய வேண்டும். 10 கிலோவாட் வரைக்கும் தனியாகத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை. 2024-ல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள் அதை நீக்கிவிட்டன. அதற்கு முன் வாரியத்தின் ஏ.இ. (உதவிப் பொறியாளர்) வந்து பார்ப்பதற்காகக் காத்திருப்பதே ஒரு பெரிய வேலை. பிறகு அதே தளத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போட வேண்டும். வேலை முடிந்ததும் இருவழி மீட்டருக்கு விண்ணப்பம், வாரியத்தார் வந்து சோதனை, மீட்டர் மாட்டல். தளத்தில் இயக்கச் சான்றிதழ் வந்ததும் வங்கிக் கணக்கு விவரத்தைப் பதிவேற்றுங்கள். மானியம் 30 நாளுக்குள் நம் கணக்குக்கு வரும் என்பது விதி.

தெருவில் வந்து பேசுகிறவரைவிட, தளத்தின் பட்டியலில் இருக்கிற மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள். அரசு அளவுகோலாக வைத்திருப்பது முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 50,000, மூன்றாவதுக்கு 45,000. சந்தையில் விலை இதற்கு மேல்தான் சொல்கிறார்கள். எவ்வளவு மேல், எதற்காக மேல் என்று கேட்க இந்த எண் கையில் இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலை நீட்டினால் அதைச் சொல்லுங்கள்.

இணைப்பு அப்பா பெயரில் இருக்கிறது, அவர் இப்போது இல்லை. சிக்கல் வருமா?

வரும். எங்களுக்கு வந்தது. வீட்டு இணைப்பு என் தாத்தா பெயரில் இருந்தது. அவர் போய்ப் பதினாறு வருடம். பில் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்ததால் யாருக்கும் அது உறுத்தவில்லை. விண்ணப்பத்தில் பெயர், வங்கிக் கணக்கில் பெயர், இணைப்பில் பெயர் மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் மானியம் தடையில்லாமல் வரும் என்று பேனல் போட வந்தவர் சொன்ன பிறகுதான் விழித்தோம். வாரிசுச் சான்றிதழ், சொத்து வரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் எல்லாம் சேர்த்துக் கொடுத்துப் பெயர் மாற்றி முடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. சித்தப்பாவின் கையெழுத்துக்காக ஒருமுறை திருச்சி போய் வந்தேன். அதனால் சொல்கிறேன்: விலை விசாரிப்பதற்கு முன்னால் பெயரைப் பாருங்கள். இனிஷியல் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் முதலிலேயே திருத்திவிடுங்கள்.

முழுத் தொகையையும் முதலில் நாமே கட்ட வேண்டுமா?

மானியம் பின்னால்தான் வரும். அதனால் பேசிய தொகையை ஏற்பாடு செய்துதான் ஆக வேண்டும். 3 கிலோவாட் வரை போடுகிறவர்களுக்கு 2 லட்சம் ரூபாய் வரை அடமானம் இல்லாமல் பொதுத்துறை வங்கிகள் கடன் தருகின்றன. வட்டி, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ விகிதத்துக்கு மேல் அரை சதவீதம் என்ற கணக்கு. நகைக் கடனைவிட இது மலிவு. மானியம் வந்ததும் அதை அப்படியே கடனில் கட்டிவிட்டால் மாதத் தவணை உங்கள் பழைய கரண்ட் பில் அளவுக்குள் அடங்கிவிடும்.

வெளிநாட்டுப் பேனல் மலிவாகக் கிடைக்கிறது என்கிறார்களே?

மலிவுதான். ஆனால் மானியம் கிடைக்காது. பேனல் மட்டுமல்ல, அதற்குள் வெயிலைக் கரண்டாக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். இந்தியாவில் வெறுமனே பொருத்தி ஒட்டிய பேனலும் கணக்கில் வராது. பேனலின் பின்புறம் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணை ஏற்றுவதற்கு முன்பே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாடியில் பூட்டிய பிறகு அதற்கடியில் தலையை நுழைத்துப் படிப்பது பெரும்பாடு.

கரண்ட் போனால் சோலார் ஓடுமா?

ஓடாது. இதைக் கேட்டு ஏமாந்து போகாதவர்கள் குறைவு. உச்சி வெயில், பேனல் தகதகவென்று மின்னுகிறது, ஆனால் தெருவில் கரண்ட் போனதும் வீட்டில் மின்விசிறி நின்றுவிடும். பழுதென்று நினைக்க வேண்டாம், அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். தெருவில் கரண்டை நிறுத்திவிட்டு லைன்மேன் போஸ்ட்டில் ஏறியிருப்பார். அந்த நேரத்தில் நம் மாடியிலிருந்து கரண்ட் லைனுக்குப் போனால் அவர் உயிருக்கு ஆபத்து. அதனால் லைனில் மின்சாரம் இல்லை என்று தெரிந்த நொடியே, பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும்.

மின்வெட்டு அதிகமுள்ள ஊர் என்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வைக்கலாம். செலவு கூடும். வீட்டில் ஏற்கனவே இருக்கும் சாதாரண இன்வெர்ட்டர், பேட்டரியை அப்படியே வைத்துக்கொண்டு சோலாரை லைனோடு இணைப்பதுதான் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

பகலில் வீட்டில் ஆளே இல்லை. விளையும் கரண்ட் என்ன ஆகும்?

வெளியே லைனுக்குப் போகும். இருவழி மீட்டர் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளும். இரவில் நாம் லைனிலிருந்து எடுப்பதையும் குறிக்கும். ரீடிங் எடுக்க வரும்போது உள்ளே வந்ததிலிருந்து வெளியே போனதைக் கழித்து மீதிக்குப் பில். வெளியே போனது அதிகமாக இருந்தால் அடுத்த பில்லுக்கு வரவு வைப்பார்கள். 2019-ல் வந்த மாநில சூரியசக்திக் கொள்கை இந்த முறையை மாற்றி, வெளியே போகும் யூனிட்டுக்குக் குறைந்த விலை மட்டும் கொடுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2021 அக்டோபரில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வீடுகளுக்குக் கழித்துக்கொள்ளும் முறையைத் திரும்பக் கொடுத்தது. கடைக்கும் தொழிற்கூடத்துக்கும் அது இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு "சோலார் போட்டால் இரண்டு மூன்று ரூபாய்தான் கொடுப்பான்" என்று பேசுகிறவர்கள் இன்னும் உண்டு.

மிஞ்சும் யூனிட்டை விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற எண்ணத்தில் மட்டும் பெரிதாகப் போட்டுவிடாதீர்கள். வீட்டுத் தேவைக்குக் கொஞ்சம் குறைவாகப் போடுவதே எப்போதும் நல்லது.

மாடி முழுக்க அடைத்துக்கொள்ளுமா? துணி காயப்போட, வடகம் போட இடம் வேண்டுமே!

1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் இரும்புக் கால் கொடுத்துப் பேனலை மேலே தூக்கிவிட்டால் அடியில் துணி காயலாம். வடகத்துக்கும் மிளகாய்க்கும் வெயில் வேண்டும் என்பதால் எங்கள் வீட்டில் தெற்குப் பக்கம் அம்மாவுக்கென்று ஒரு மூலையை விட்டுவிட்டுத்தான் கால் ஊன்றினோம். உயரக் கால் கொடுத்தால் செலவு கூடும். காற்றும் அதிகமாகப் பிடிக்கும். 2016 வர்தாவும் 2018 கஜாவும் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காலைத் தரையில் வெறுமனே போல்ட் அடித்து நிறுத்தாமல் கான்கிரீட் பீடம் கட்டச் சொல்லுங்கள். கடற்கரை ஊர் என்றால் துத்தநாகப் பூச்சு நன்றாகக் கொடுத்த கம்பியா என்று பாருங்கள், உப்புக் காற்று சாதா இரும்பை விட்டுவைக்காது.

நிழலைத்தான் எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழலோ பக்கத்து வீட்டுத் தென்னை மட்டையின் நிழலோ ஒரு பேனலில் விழுந்தால், அதோடு தொடராகக் கோத்திருக்கும் மற்ற பேனல்களின் விளைச்சலும் குறையும். காலை ஒன்பது, நண்பகல், மாலை மூன்று என்று மூன்று வேளை மாடியில் போய் நின்று நிழல் எங்கே விழுகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுப் பாருங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது நிழல் இன்னும் நீளும். பேனல் தெற்குப் பார்த்து, லேசான சாய்வில் இருந்தால் போதும்.

பராமரிப்பு என்ன?

தூசியும் காக்காய் எச்சமும்தான் எதிரி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வெயில் ஏறுவதற்கு முன், மெல்லிய துணியால் துடைத்துக் கழுவ வேண்டும். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்ததும் வெள்ளைப் படலம் பிடிக்கும். நல்ல தண்ணீரில் கடைசியாக ஒரு அலசு அலசிவிடுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் மதியம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றவே கூடாது. போட்ட நிறுவனம் ஐந்து வருடம் பராமரிக்கக் கடமைப்பட்டது. அதை எழுத்தில் வாங்குங்கள். எர்த்துக் குழியும் இடிதாங்கியும் சரியாக இருக்கிறதா என்று வேறொரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

தோட்டத்துக் கிணற்றுக்கு சோலார் மோட்டார் போட மானியம் உண்டா?

உண்டு. அது 2019-ல் தொடங்கிய பி.எம். குசும் என்ற வேறு திட்டம். மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு 30 சதவீதம், மீதி நாம். ஆதிதிராவிடர், பழங்குடியினச் சிறு, குறு விவசாயிகளுக்கு மாநிலம் கூடுதலாகத் தருகிறது. மத்திய மானியம் 7.5 எச்.பி. வரைக்கும் கணக்கு. தமிழ்நாட்டில் இதை வேளாண் பொறியியல் துறை பார்க்கிறது. உழவன் செயலியிலும் விவரம் இருக்கிறது.

இலவச விவசாய இணைப்பு ஏற்கனவே இருப்பவருக்கு இதில் ஆர்வம் இருக்காது. 1990-லிருந்து பம்ப்செட்டுக்குக் கரண்ட் இலவசம், 23 லட்சத்துக்கும் மேல் இணைப்புகள். இணைப்புக்குப் பதிந்துவிட்டு வருடக் கணக்கில் வரிசையில் நிற்பவர்களுக்கும், டீசல் ஊற்றி இறைப்பவர்களுக்கும்தான் இது வரம். அதோடு, மும்முனை மின்சாரம் ராத்திரியில் வரும்போது டார்ச்சும் கையுமாக வரப்பில் பாம்புக்குப் பயந்துகொண்டே போக வேண்டியதில்லை. வெயில் வந்தால் தண்ணீர், அவ்வளவுதான்.

எனக்கு இதில் ஒரு கவலை உண்டு. இறைக்கச் செலவே இல்லை என்றானதும் கிணறு வற்றும் வரை மோட்டார் ஓடும். அதனால் சொட்டுநீரோடு சேர்த்துப் போடுங்கள் என்று துறை சொல்வதைக் கட்டுப்பாடாக நினைக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

காற்றாலைக்கு இப்படித் திட்டம் இல்லையா? நம்மிடம்தானே அதிகம்?

வீட்டுக்காரர்களுக்கு இல்லை. ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் இத்தனை காற்றாலைகள் எப்படி முளைத்தன என்று கேட்டால் அதுவும் அரசுத் திட்டத்தின் கதைதான். 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் அரசே மாதிரிக் காற்றாலைகளை நிறுத்திக் காட்டியது. 1990-களில் காற்றாலை வாங்கிய நிறுவனம் அதன் முழு விலையையும் முதல் வருடமே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு சலுகை கொடுத்தது. ஆடிக் காற்றில் விளைந்த யூனிட்டை வாரியத்திடம் கணக்கில் வைத்துவிட்டு, வேறு மாதத்தில் தங்கள் மில்லில் எடுத்துக்கொள்ளும் வசதியை மாநிலம் கொடுத்தது. கோவை, திருப்பூர் பஞ்சாலைக்காரர்கள் அந்தக் கணவாயில் உள்ள முப்பந்தலுக்கு வந்தது இந்த இரண்டுக்காகத்தான். முழு விலை என்றிருந்த அந்தத் தேய்மானச் சலுகை பிறகு 80 சதவீதமாகியிருந்தது, 2012-ல் அதை 15 சதவீதமாக வெட்டினார்கள். நாடு முழுக்க ஒரு வருடத்தில் 3,200 மெகாவாட் அளவுக்கு ஏறிக்கொண்டிருந்த காற்றாலை அடுத்த வருடம் 1,700-க்கு விழுந்தது. 2014-ல் 80-ஐத் திரும்பக் கொடுத்தார்கள், 2017-ல் 40 ஆக்கினார்கள்.

நல்ல காற்று வீசும் அந்த இடங்களில் 225, 250 கிலோவாட் பழைய யந்திரங்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றை இறக்கிவிட்டுப் பெரியவற்றை நிறுத்த 2024-ல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கை கொண்டுவந்திருக்கிறது.

மாநில அரசும் மாடி சோலாருக்கு 20,000 ரூபாய் தருகிறதாமே?

அது பழைய கதை. 2012-ல் மாநில சூரியசக்திக் கொள்கை வந்தபோது, மத்திய மானியத்துக்கு மேல் 1 கிலோவாட்டுக்கு 20,000 ரூபாய் முதலமைச்சர் ஊக்கத்தொகை என்று கொடுத்தார்கள். அந்தக் காலத்து நோட்டீஸ் இன்றும் வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறது. அதைக் கணக்கில் சேர்த்து விலை பேசுகிற ஆள் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

மழைக்காலத்தில் விளைச்சல் எப்படி?

குறையும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை நாட்களில் எங்கள் 2 கிலோவாட்டில் இரண்டு யூனிட்கூட வராத நாள் உண்டு. பங்குனியில் ஒன்பதைத் தொடும். கத்திரி வெயிலில் எகிறும் என்று நினைப்போம், பேனல் சூடேறிவிடுவதால் அப்போது கொஞ்சம் இறங்கும். தினமும் இன்வெர்ட்டரின் செயலியைத் திறந்து எண்ணைப் பார்த்து மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நான் அப்படித்தான் இருந்தேன். இரண்டு மாத ரீடிங்கை ஒரு நோட்டில் குறித்துவைத்து, போன வருடம் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். மழையே இல்லாமல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் முதலில் துடைத்துப் பாருங்கள். அப்படியும் ஏறவில்லை என்றால் போட்டவரைக் கூப்பிடுங்கள்.